விட்டுப் போனது யார்?

விருதுநகர் மாவட்டம் வீரசோழன் கடைவீதியை ஒட்டி ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், இதே கதை நரிக்குடியிலும் திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் நடக்கிறது. களப்பணிக்குப் போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு டேப். சாயங்காலம் வந்து உட்கார்ந்து, அன்றைய பதிவுகளை எல்லோரும் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்: "அக்கா, எனக்குக் கட்டாயிருச்சு. ஒங்களுக்கு ஓடுதா?" அக்காவுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சற்றுக் கழித்து அக்காவுக்குப் போய், இவருக்கு வந்துவிடும். இத்தனைக்கும் திரையின் மேல்மூலையில் வைஃபை கோடு முழுசாக நிற்கிறது. அதே மேசையில் கிடக்கும் செல்போனில் சினிமாப் பாட்டு தங்குதடையின்றி ஓடுகிறது. ரூட்டரை அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் சமர்த்தாக இருக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

டேப் என்பது இந்தப் பக்கத்துக்கு இப்போது ஆடம்பரப் பொருள் இல்லை. 2018இல் ஒன்றிய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். பட்டியலில் இருப்பதென்றால் எடை, உயரம், வருகை, தடுப்பூசி என்று ஓயாமல் எண்களை அனுப்பிக்கொண்டே இருப்பது. மாநில அரசும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேருக்குக் கையடக்கக் கணினி தந்திருக்கிறது. கருவி வந்துவிட்டது. அது ஏன் விட்டுவிட்டுப் போகிறது என்று சொல்லித்தர ஆள் வரவில்லை.

கம்பி இருந்த காலத்தில் இணைப்பு அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடிப் பிடிக்கலாம். வைஃபையில் அறுவதற்கு எதுவுமே கிடையாது. டேப்புக்கும் ரூட்டருக்கும் இடையே நூல் மாதிரி ஏதோ ஓடுவதாக நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் 'இணைந்திருக்கிறது' என்பதற்கு இவ்வளவுதான் பொருள்: ரூட்டரின் நினைவகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இந்த டேப்பின் எண் இருக்கிறது; டேப்பின் நினைவகத்தில் அந்த ரூட்டரின் எண் இருக்கிறது; இரண்டு பேரிடமும் பொருந்துகிற ரகசியச் சாவி இருக்கிறது. இரு பக்கமும் பதிவு இருக்கும்வரை இணைப்பு உண்டு. யாராவது ஒருவர் அடித்துவிட்டால் இல்லை. ஆகவே 'கட்டாயிருச்சு' என்று யாராவது சொன்னால், சிக்னல் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, பதிவை அடித்தது யார் என்பதை. பல சமயம் அடிப்பது டேப். பழி விழுவது ரூட்டர் மேல்.

முதலில் அந்த முழுக் கோட்டு மர்மம். வீட்டு ரூட்டர் காற்றில் விடும் ஆற்றல் சுமார் 100 மில்லிவாட்தான். ஒரு சாதாரண எல்.இ.டி. பல்பு தின்னும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு. அதுவும் நாலாபுறமும் சிதறிப் போகிறது. அடுத்த அறையில் இருக்கும் டேப்பின் ஆன்டெனாவில் கிளம்பிய ஆற்றலில் நூறு கோடியில் ஒரு பங்கு விழுந்தாலே வண்டி ஓடிவிடும். இத்தனை சைபர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால் பொறியாளர்கள் டிபிஎம் என்ற அளவை வைத்திருக்கிறார்கள். அதில் 10 குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது; 3 குறைந்தால் பாதியாகிறது. ரூட்டரின் பக்கத்தில் மைனஸ் 40. மைனஸ் 50, 60 வரை சௌக்கியம். மேலே சொன்ன நூறு கோடியில் ஒரு பங்கு என்பது மைனஸ் 70. மைனஸ் 80ஐத் தாண்டினால் இழுபறி.

திரையில் தெரியும் கோடு இந்த அளவைத்தான் காட்டுகிறது. ஆனால் எந்தத் திசையில்? ரூட்டர் பேசுவது டேப்புக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும். டேப் பேசுவது ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதைச் சொல்லும் கோடு டேப்பில் எங்கும் இல்லை. டேப்பின் ஆன்டெனா சின்னது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அது விடும் ஆற்றலும் பெரும்பாலும் ரூட்டரைவிடக் குறைவு. போதாததற்கு நம் உள்ளங்கை அதை மூடிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை என்பது பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை நன்றாகக் குடிக்கும். இப்படியாக ரூட்டரின் குரல் டேப்புக்குத் தெளிவாகக் கேட்டு, டேப்பின் குரல் ரூட்டரை எட்டாமல் போகிற தூரம் ஒன்று எந்தக் கட்டடத்திலும் உண்டு. அந்தத் தூரத்தில் கோடு முழுசாக இருக்கும், வேலை நடக்காது.

வைஃபையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ரசீது வர வேண்டும் என்பது விதி. டேப் ஒரு பொட்டலம் அனுப்பினால், அது முடிந்து ஒரு நொடியின் லட்சத்தில் ஓரிரு பங்குக்குள் ரூட்டர் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் தொடங்கியாக வேண்டும். வரவில்லை என்றால் டேப் மறுபடி அனுப்பும். அப்படிச் சில தடவை. பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு அனுப்பும். அதுவும் தோற்றுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ரூட்டர் போய்விட்டது என்று முடிவுசெய்து பதிவை அடிக்கும். ரூட்டரின் அமைப்புக்குள் போய் ஆற்றலை 'அதிகம்' என்று மாற்றி வைக்கிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். கோடு நிறையும், ரூட்டரின் காது கூர்மையாகாது. நல்ல ஆன்டெனா போட்டால் பேச்சும் கேள்வியும் இரண்டும் கூடும் என்பது வேறு விஷயம்.

மேசையில் கிடந்த செல்போனில் பாட்டு ஏன் ஓடியது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. படம் பார்ப்பது அநேகமாகக் கேட்கிற வேலை. ரூட்டர் பேசுகிறது, போன் ரசீது மட்டும் தருகிறது. பதிவேற்றம் என்பது டேப் மூச்சுவிடாமல் பேசுகிற வேலை. மீதிப் பாதி விடையை வீரசோழன் வாரச்சந்தையில் ஆட்டு யாவாரம் பார்த்தவர்களால் எளிதில் பிடித்துவிட முடியும். அங்கே எல்லோருக்கும் ஒரே காற்று. ஒருவர் விலை சொல்லும்போது இன்னொருவர் சேர்ந்து கத்தினால் இரண்டுமே கேட்கிறவர் காதில் விழாது. அதனால் பேசுமுன் கவனிக்கிறோம், சத்தம் அடங்கியதும் தொடங்குகிறோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு அளவு பொறுத்து மறுபடி தொடங்குகிறோம். வைஃபையின் நடைமுறையும் இதுவே. காற்று சும்மா இருக்கிறதா என்று கேள், இருந்தால், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஒரு சிறு நேரம் காத்திரு, பிறகு பேசு. ரசீது வரவில்லையென்றால் மோதிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தின் வரம்பை இரட்டிப்பாக்கு.

இந்த ஒழுங்குக்கு மூதாதை ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. கடலில் அலைச்சறுக்கு விளையாடும் ஆசையில் அங்கே வேலைக்குப் போனவர் என்று சொல்லப்படும் நார்மன் ஆப்ராம்சன், பல்கலைக்கழகத்தின் தீவுக்குத் தீவு பிரிந்து கிடந்த கணினிகளை வானொலியால் இணைத்தார். 1971இல் ஓடத் தொடங்கிய அந்த அலோஹாநெட்டில் கவனித்துப் பேசும் வழக்கம்கூடக் கிடையாது. தோன்றியபோது அனுப்பு, ரசீது வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. இப்படி ஆளாளுக்குப் பேசினால் காற்றின் மொத்த நேரத்தில் உருப்படியாகப் பயன்படுவது அதிகபட்சம் 18 சதவீதம்தான் என்று கணக்கு சொன்னது. கவனித்துவிட்டுப் பேசுவது என்ற திருத்தம் பிற்பாடு சேர்ந்து நிலைமையைப் பல மடங்கு தேற்றியது.

கவனித்துப் பேசுவதிலும் ஓர் ஓட்டை உண்டு. சந்தையின் வடக்குக் கோடியில் ஒரு தரகர், தெற்குக் கோடியில் ஒரு தரகர், நடுவில் ஆட்டுக்காரர். இரு தரகர்களுக்கும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. காற்று சும்மா இருப்பதாக நினைத்து இருவரும் ஒரே நேரத்தில் ஆட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு இரண்டும் குழம்பிக் கேட்கிறது. முன் வராண்டாவில் ஒரு டேப், பின்னறையில் ஒரு டேப், நடு ஹாலில் ரூட்டர் என்றால் இதேதான். பொறியாளர்கள் இதை மறைந்த முனையம் என்பார்கள். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவேற்றும்போது இது உச்சத்துக்குப் போகிறது. அக்காவுக்கு ஓடும்போது தம்பிக்கு நிற்பதும், தம்பிக்கு ஓடும்போது அக்காவுக்கு நிற்பதும் இப்படி. இன்னொரு உபத்திரவம், கடைக்கோடியில் உட்கார்ந்திருக்கும் டேப். அது தூரம் காரணமாக வேகத்தைக் குறைத்து இழுத்து இழுத்துப் பேசும். அது பேசி முடிக்கும்வரை மற்ற எல்லோரும் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். ஒரு மெதுவான டேப்பால் ஆறு டேப்பும் மெதுவாகிவிடும்.

காற்றுக்கும் தடங்கள் உண்டு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று ஆனது 2005இல். அதில் 13 தடங்கள் இருப்பதாக ரூட்டர் காட்டும். ஆனால் தடங்களுக்கிடையே இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு பேச்சும் அடைத்துக்கொள்ளும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆக ஒன்றோடொன்று உரசாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 மூன்றே. '3ஆம் தடத்தில் யாருமே இல்லை' என்று அங்கே போய் உட்காருகிற கெட்டிக்காரர், 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் சேர்த்துத் தொல்லை தருகிறார், தானும் பெறுகிறார். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் தாராளம். 2018 அக்டோபரில் அங்கே 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. ஆனால் அந்த அலை நீளத்தில் பாதிக்கும் குறைவு, சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. பழைய டேப்புகள் சிலவற்றுக்கு அது கேட்கவே கேட்காது.

வைஃபை பற்றிய அறிவுரை எதை எடுத்தாலும் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள் என்று தொடங்கும். நம்ம ஊர் அலுவலகத்தில் மைக்ரோவேவ் அடுப்பு எங்கே இருக்கிறது? நம்மிடம் இருப்பது இரும்பு பீரோ. ரூட்டர் பெரும்பாலும் அதன் தலையில், சுவரோடு ஒட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். செங்கல் சுவர் அலையில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தை விடும். இரும்புத் தகடு விடவே விடாது, திருப்பி அடிக்கும். பீரோவுக்குப் பின்னால் நிழல். முன்னால், நேராக வந்த அலையும் பீரோவிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பிய அலையும் கலந்து, ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம் என்பதால், டேப்பை மேசையில் நாலு விரற்கடை நகர்த்தினாலே நிலைமை மாறலாம். இப்படிச் சிதறி வரும் எதிரொலிகளைச் சமாளிக்கும் ஒரு வழியை 1990களில் காப்புரிமை செய்தது ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஜான் ஓசல்லிவன் குழு. அவர் வானொலி வானியல்காரர். ஸ்டீபன் ஹாக்கிங் கணித்தபடி சின்னஞ்சிறு கருந்துளைகள் வெடித்தால் வரக்கூடிய வானொலித் துடிப்பை முன்பு தேடியவர். துடிப்பு அகப்படவில்லை. கலங்கிப்போன அலையைத் தெளியவைக்கும் கணக்கில் கை தேர்ந்தது. தகவலை ஒரே வேகப் பெருக்காக அனுப்பாமல், பல மெல்லிய, மெதுவான இழைகளாகப் பிரித்து அனுப்பினால் எதிரொலி அவ்வளவாகக் குழப்பாது என்பது சாரம். இன்றைய ரூட்டர்கள் எல்லாம் இழை பிரித்துத்தான் அனுப்புகின்றன. அதற்காக பீரோமேல் வைக்கலாம் என்று ஆகிவிடாது.

பீரோவைவிடச் சின்ன எதிரி ஒன்றையும் சொல்ல வேண்டும். யு.எஸ்.பி. 3.0 வன்தட்டு, அதன் கேபிள். இவை வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் விடுகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் அளந்து காட்டியது. ரூட்டருக்குப் பக்கத்தில் அப்படி ஏதாவது செருகியிருந்தால் ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்க்கலாம், செலவு இல்லை.

இதுவரை சொன்னது காற்று சம்பந்தப்பட்டது. காற்று சுத்தமாக இருந்தும் டேப் விட்டுப் போவதுண்டு, காரணம் தூக்கம். டேப்பின் வானொலிப் பகுதி எந்நேரமும் விழித்திருந்தால் பேட்டரி தாங்காது. ஆகவே அது ரூட்டரிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறது. ரூட்டர் நொடிக்குப் பத்துத் தடவை, சரியாகச் சொன்னால் 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை, தன் பெயரைச் சொல்லி ஓர் அறிவிப்பு விடுகிறது. யார் யாருக்குச் செய்தி வந்து காத்திருக்கிறது என்ற பட்டியல் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். தூங்கும் டேப் அந்தக் கணத்துக்கு மட்டும் விழித்து, தன் எண் வந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

இது நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்க்கலாம். மேசைக் கணினியில் பிங் என்றொரு கட்டளை உண்டு. அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலம் அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று அச்சடிக்கும், அவ்வளவுதான். டேப்பின் முகவரிக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, டேப்பின் திரையில் எதையாவது தடவிக்கொண்டே இருங்கள். 4, 6, 5, 4 என்று எண்கள் ஒழுங்காக விழும். இப்போது திரையை அணைத்து டேப்பை மேசையில் வைத்துவிடுங்கள். எண்கள் 87, 190, 31, 142 என்ற மாதிரி தாறுமாறாகும்; நடுவில் ஒன்றிரண்டு பதில் வராமலே போகும். பொட்டலம் ரூட்டரிடம் வந்து, அடுத்த அறிவிப்புவரை அல்லது அதற்கும் அடுத்ததுவரை காத்திருந்த நேரம் அது. டேப்பின் குறட்டை எண்ணாக மாறி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தூங்கும் டேப்பை ரூட்டர் அடித்துவிட இரண்டு வாய்ப்புகள் உண்டு. நெடுநேரம், பல ரூட்டர்களில் 5 நிமிடம், சத்தமே இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று சந்தேகித்து ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாதது. எல்லோருக்கும் பொதுவான அறிவிப்புகளைப் பூட்டுவதற்கு ஒரு பொதுச் சாவி இருக்கிறது. பாதுகாப்புக்காக ரூட்டர் அதை அவ்வப்போது மாற்றும். பல ரூட்டர்களில் 3600 நொடிக்கு ஒருமுறை. புதுச் சாவியைக் கொடுக்கும் வேளையில் டேப் ஆழ்ந்து தூங்கி, சில அழைப்புகளுக்கும் பதில் தராவிட்டால் ரூட்டர் அதை வெளியே தள்ளும். கடிகாரம் வைத்தாற்போல் மணிக்கொருமுறை போகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் தூக்கம் இன்னும் ஆழமாயிற்று. திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் டேப்பில் செயலிகளுக்கு இணையமே தள்ளிப்போடப்படுகிறது. திரையைத் தட்டி எழுப்பும்போது அலுவலகச் செயலி 'மீண்டும் உள்நுழையவும்' என்கிறது. வைஃபை அப்படியே இருந்திருக்கும். செயலிக்கும் தலைமையகச் சர்வருக்கும் இடையிலிருந்த பேச்சு மட்டும் காலாவதியாகியிருக்கும். பார்க்கிறவர் இதையும் 'கட்டாயிருச்சு' கணக்கில் சேர்க்கிறார். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி மிச்சப்படுத்துதலை நிறுத்திவிட்டால் இது அடங்கும்.

அடுத்தது முகவரி. இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு எண் முகவரியைக் குத்தகைக்கு விடுகிறது. பாதிக் காலம் ஓடியதும் கருவி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2010இல் முதல் ஐபேட் கடைக்கு வந்த மாதத்திலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இது சந்தி சிரித்தது. சில ஐபேட்கள் குத்தகை முடிந்த பிறகும் காலி செய்யாமல் அதே முகவரியில் குடியிருந்தன. வேறு கருவிக்கு அதே முகவரி போனால் இரண்டும் தடுமாறும் என்பதால், பல்கலைக்கழகம் அந்த ஐபேட்களை வலையமைப்பிலிருந்து தடுத்தது. அங்கே பிழையைக் கண்டுபிடித்தது ஊகத்தால் அல்ல. எந்த முகவரி யாருக்கு எப்போது எவ்வளவு காலத்துக்கு விடப்பட்டது என்ற பதிவேட்டையும், எந்த எண்ணிலிருந்து பொட்டலம் வருகிறது என்ற பதிவேட்டையும் ஒப்பிட்டதால்.

நம் பக்கத்தில் இதே சிக்கல் கரண்டு வடிவில் வருகிறது. மின்சாரம் போய்த் திரும்பும்போது, சில மலிவு ரூட்டர்கள் குத்தகைப் பட்டியலை மறந்துவிட்டு எழுகின்றன. டேப்புக்குப் பேட்டரி இருப்பதால் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கிறது. ரூட்டர் அதே முகவரியை அடுத்து வந்தவருக்குக் கொடுக்க வாய்ப்பு உண்டு. வேறொரு வகையும் இருக்கிறது. ரூட்டர் சீக்கிரம் எழுந்துவிடும், ஃபைபர் பெட்டி எழ இன்னும் இரண்டொரு நிமிடம் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் டேப் ரூட்டரோடு இணைந்து, ஆண்ட்ராய்டின் வழக்கப்படி வெளியுலகத்துக்கு ஒரு சிறு கேள்வி அனுப்பிப் பார்க்கும். பதில் இல்லை. 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று குறித்துக்கொண்டு சிம் கார்டுக்குத் தாவிவிடும். இணையம் வந்த பிறகும் சில டேப்புகள் அந்தக் கசப்பை உடனே மறப்பதில்லை. சிம் டவரோ ஒற்றைக் கோடு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழையைக் கொண்டுபோகும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. இழை எவ்வளவு வேகமானாலும், அதன் முனையில் இருக்கும் பெட்டிக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். இல்லையென்றால் இந்தத் தாவல் நிற்காது. இது வைஃபை கோளாறா, சிம் தாவலா என்று பிரித்துப் பார்க்க, விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் தனியே இயக்கினால் போதும்.

'நெட்வொர்க்கை மறந்துவிட்டு மறுபடி சேருங்கள்' என்று தொலைபேசியில் சொல்லும் சர்வரோக நிவாரணியையும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், கருவிகள் தம் நிஜ வன்பொருள் எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனை எண்ணைக் காட்டுகின்றன. நாம் போகும் இடமெல்லாம் நம்மைப் பின்தொடர முடியாதபடி செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அலுவலக ரூட்டரில் டேப்புகளின் நிஜ எண்களைப் பதிந்து, அவற்றை மட்டும் அனுமதிக்கும்படி வைத்திருந்தால்? முன்பே சேமித்திருந்த வைஃபைக்கு டேப் நிஜ எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கும். மறந்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்ததும் புனை எண்ணோடு போய் நிற்கும், வாசலில் நிறுத்திவிடுவார்கள். அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த டேப் அத்தோடு முற்றிலும் நின்றுவிடும்.

சரி, எது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஆண்ட்ராய்டு டேப்பில், 'டேப்லெட் பற்றி' பகுதியில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். அதில் வைஃபை வெர்போஸ் லாகிங் என்பதை இயக்கிவிட்டால், வைஃபை பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே அந்த மைனஸ் எண் வந்துவிடும். அதோடு டேப்பைக் கையில் பிடித்தபடி அலுவலகம் முழுக்க ஒரு நடை நடந்தால், எந்த நாற்காலியில் மைனஸ் 60, எந்த நாற்காலியில் மைனஸ் 78 என்று தெரிந்துவிடும். நல்ல எண் வரும் இடத்திலும் போகிறது என்றால் தூரம் காரணம் இல்லை. பிறகு இரண்டு பிங்: ஒன்று ரூட்டருக்கு, ஒன்று வெளியே ஏதாவது முகவரிக்கு. ரூட்டர் பதில் தந்து வெளியே பதில் இல்லையென்றால் வைஃபையைத் திட்ட வேண்டாம். இணையம் தருகிற கம்பெனியைக் கூப்பிடலாம்.

கடைசி சாட்சி ரூட்டரின் பதிவேடு. வைஃபை விதிப்படி, பதிவை அடிக்கிறவர் காரண எண் ஒன்றைச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். 3 என்றால் டேப் தானாகக் கிளம்பியது. 4 என்றால் சத்தமில்லை என்று ரூட்டர் எடுத்துவிட்டது. 15 என்றால் இணையும்போது சாவிப் பரிமாற்றம் முடியவில்லை. 16 என்றால் மேலே சொன்ன பொதுச் சாவி விவகாரம். மலிவு ரூட்டர்கள் இந்த எண்ணை எழுதி வைப்பதில்லை என்பது வருத்தம். இருப்பினும் நேரத்தையாவது எழுதும். அதோடு, ரூட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற அப்டைம் கணக்கைப் பெரும்பாலான ரூட்டர்கள் காட்டும். நாள் கணக்கில் அணைக்காத ரூட்டர் 40 நிமிடமாகத்தான் ஓடுகிறேன் என்று சொன்னால், அது தானாகவே அணைந்து எழுந்துகொண்டிருக்கிறது. பழைய அடாப்டரையோ வெயிலையோ சந்தேகிக்கலாம். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களின் விவரத்தாளில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பீரோவின் தலையில் 40ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை.

ரூட்டரை அணைத்துப் போடும் வைத்தியம் ஏன் பலிக்கிறது என்பதும் இப்போது தெரிந்துவிடும். எல்லாப் பட்டியலும் காலி, தடம் புதிதாகத் தேர்வாகிறது, சாவிகளின் கடிகாரம் முதலிலிருந்து ஓடுகிறது, டேப்புகள் புதிதாகச் சேர்கின்றன. மூலகாரணம் இருந்த இடத்தில் இருக்கிறது. பல ரூட்டர்களில் அதோடு பதிவேடும் அழிந்துபோகும். அணைக்குமுன் பதிவேட்டுப் பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நடந்து அளந்ததில் பின்னறை மைனஸ் 78 என்று வந்தால் கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார். மலிவான ரிப்பீட்டர் ரூட்டர் சொன்னதைக் கேட்டு, அதே தடத்தில் மறுபடி சொல்கிறது. ஒரே பேச்சுக்கு இரண்டு மடங்கு காற்று செலவாகிறது. கோடு நிறையும், வேகம் பாதியாகும்; சாயங்காலப் பதிவேற்ற நேரத்தில் நெரிசல் கூடும். அதற்குப் பதில் பின்னறைக்கு ஒரு கேபிள் இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ரூட்டரை, வெறும் வைஃபை கொடுக்கும் வேலைக்கு மட்டும் வைப்பது உத்தமம். பெயரும் கடவுச்சொல்லும் ஒன்று, தடம் மட்டும் வேறு. முன்னது 1 என்றால் பின்னது 11. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடக் கூடாது. பழைய ரூட்டரை விட்டுப் புதியதைத் தேடலாமா என்று முடிவெடுப்பது டேப்தான். ஐபேட் மைனஸ் 70ஐத் தொட்ட பிறகுதான் வேறு ஆளைத் தேடவே தொடங்கும் என்று ஆப்பிள் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும். வீரசோழன் கடைவீதிக் கட்டடம் எதற்கும் அதில் கால்வாசி போதும். அந்தக் கேபிளை மின்கம்பி போகும் குழாயிலேயே சேர்த்து இழுக்க வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.